ஒரே நகரில் நுண் ரோபோவும் இலவச பல்செட்டும்

பெங்களூரு: வேர் சிகிச்சைக்குப் பிறகும் பல்லின் நுண்குழல்களில் தங்கிவிடும் கிருமிகளை அழிக்க, காந்தப்புலத்தால் இயங்கும் நுண் ரோபோக்களை உருவாக்கியுள்ளதாக பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், அங்கு உருவான 'தெரநாட்டிலஸ்' நிறுவனமும் 2022-ல் அறிவித்தன. இரும்பு பூசப்பட்ட இந்த நுண்பொருள்கள் குழல்களுக்குள் ஊடுருவி, வெப்பத்தால் கிருமிகளைக் கொல்கின்றன. பிடுங்கப்பட்ட பற்களில் இம்முறை சோதிக்கப்பட்டது.

இதே நகரைத் தலைநகராகக் கொண்ட கர்நாடக அரசு, 2014-ல் 'தந்த பாக்ய' திட்டத்தைத் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 60 வயதைக் கடந்தவர்களுக்கு பல் மருத்துவக் கல்லூரிகள் வாயிலாக முழு பல்செட் இலவசமாக வழங்கும் திட்டம் இது. பின்னர் வயது வரம்பு 45 ஆகக் குறைக்கப்பட்டது. பல்லைக் காக்கும் ஆய்வு ஒருபுறம். எல்லாப் பற்களையும் இழந்த பிறகே கிடைக்கும் உதவி மறுபுறம். சொத்தை சிறிதாக இருக்கும்போதே அளிக்க வேண்டிய சிகிச்சை இந்த இரண்டுக்கும் இடையே விடுபட்டுப் போகிறது.

இரு வேறு தேவைகள்: உலகில் சுமார் 350 கோடி பேர் வாய்நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளனர், அவர்களில் நான்கில் மூவர் நடுத்தர வருவாய் நாடுகளில் வசிப்பவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. தொழில்வள நாடுகளில் முதியோரின் இயற்கைப் பற்களைக் காப்பதற்கும், செயற்கைப் பல் பொருத்துவதற்கும் கணினிக் கருவிகள் பயன்படுகின்றன. வளரும் நாடுகளின் கிராமங்களுக்கோ, மின்சாரம் இன்றியும் செய்யக்கூடிய சிகிச்சை தேவைப்படுகிறது.

அத்தகைய முறை ஏற்கெனவே உள்ளது. 1980-களில் தான்சானியாவில் உருவான இம்முறையில், துளையிடும் கருவிக்குப் பதிலாகக் கைக்கருவியால் சொத்தை சுரண்டி எடுக்கப்பட்டு, 'கிளாஸ் அயனோமர்' சிமெண்டால் பல் அடைக்கப்படுகிறது. இந்த சிமெண்டையும், சொத்தை பரவாமல் தடுக்கும் 'சில்வர் டையமைன் ஃப்ளோரைடு' திரவத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பாதரசத்துக்கு மாற்று: பல் அடைக்கும் பொருளைப் பொறுத்தவரை இரு தரப்பு நாடுகளின் தேவையும் இப்போது நெருங்கி வருகிறது. பாதரசக் கலவையால் பல் அடைப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், சில விதிவிலக்குகளுடன் நிறுத்தியது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றது. எனவே, மலிவான மாற்றுப்பொருள் இந்தியாவுக்கும் அவசியமாகிறது.

நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. கல்லூரிகளும் சட்டமும் இருந்தும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் சொத்தைப் பல்லை அடைக்க வழி இல்லையெனில், அவர் இலவச பல்செட்டுக்கான வயதை எட்டும்வரை காத்திருக்க நேரிடும்.