கட்டணமும் கவனமும்

திண்டிவனத்தைச் சேர்ந்த இருவர் ஒரே நாளில் ஒரே நோய்க்கு அறுவை செய்துகொள்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்தார். மற்றவர் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்றார். கவனக்குறைவால் இருவர்க்கும் ஒரே தீங்கு நேர்ந்துவிட்டது. பணம் கொடுத்தவர் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மற்றவர்க்கு அந்தக் கதவு திறவாது. இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது?

1986ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவம் அச்சட்டத்தில் அடங்குமா என்ற வழக்கை இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றது. கட்டணம் பெறும் மருத்துவம் அடங்கும் என்று 1995இல் தீர்ப்பாயிற்று. யாவர்க்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஏழையும் வரி செலுத்துகிறாரே எனின், வரி கட்டணமாகாது என்றும் அத்தீர்ப்பே உரைத்தது.

பின்னர் இவ்வழக்கு அரசியல் அரங்கை அடைந்தது. 2018ஆம் ஆண்டு மசோதாவில் சேவைகளின் வரிசையில் மருத்துவம் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. மருத்துவர்கள் எதிர்த்தனர், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் அச்சொல் இல்லை. ஆயினும் அவர்தம் பொறுப்பு நீங்கிவிடவில்லை என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திற்று. 2023இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்போர்க்கு ஐந்தாண்டுவரை சிறை விதிக்கிறது. சிகிச்சையின்போது அது நேர்ந்தால் மருத்துவர்க்கு இரண்டாண்டுவரைதான். மருத்துவச் சங்கத்தின் வேண்டுகோளை உள்துறை அமைச்சர் மக்களவையிலேயே எடுத்துரைத்தார்.

மருத்துவர்களின் அச்சம் பொருளற்றதன்று. சிறையை எண்ணி அஞ்சுபவர் ஆபத்தான நோயாளியைத் தொடத் தயங்குவார். சங்கம் வைத்துத் தம் குறையைச் சொல்வதும் அவர்தம் உரிமையே. ஆனால் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவமனையில் சீட்டுக்குக் காத்து நிற்கும் உழவருக்கும் கூலியாளுக்கும் சங்கம் ஏது?

அவர்க்கு வழியே இல்லையென்பதில்லை. உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற்குரியவர், மராட்டிய நாட்டில் பிரசவத்திற்குச் சென்று, வயிற்றினுள் துணி விடப்பட்டதால் உயிர்நீத்த ஒரு தாய். அவர் இறந்தது 1963இல். நீதி வந்து சேர முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின!

சட்டம், கேட்கும் குரலுக்கே செவிசாய்க்கிறது. இலவச நோயாளிக்குச் சங்கம் இல்லாவிடினும் வாக்கு உண்டு. வாக்குக் கேட்டு வருவோரிடம் அவர் சாலையும் குடிநீரும் கேட்கிறார். விழுப்புரத்து ஆணையத்தின் கதவையும் தமக்குத் திறந்துவிடுமாறு அவர் கேட்கும் நாளில், இச்சட்டம் மீண்டும் மாறக்கூடும்.