தூக்கிப் போடாதீங்க பழைய மேஜை டிராயரை... கீரைத் தொட்டி ரெடி!

பல்லாவரம்:

கால் ஒடிந்த மேஜை, பூட்டு உடைந்த டிரங்குப் பெட்டி, பிரம்பு கிழிந்த நாற்காலி... இதெல்லாம் வீட்டு மூலையில் கிடந்தால், "முதல்ல காயலான் கடையில போடுங்க" என்று வீட்டம்மா சத்தம் போடுவது வழக்கம். கொஞ்சம் பொறுங்க. அதே சாமானில் மண்ணைக் கொட்டி கீரை பறிக்கலாம், மல்லிகை பூக்க வைக்கலாம்.

வீட்டில் பழைய சாமான் இல்லையா? சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. யாரோ பயன்படுத்திக் கழித்த மேஜை, பெஞ்சு, கட்டிலும் அங்கே கிடைக்கும், செடிகளும் கிடைக்கும். ஒரே நடையில் தொட்டியையும் செடியையும் வாங்கி வந்துவிடலாம். ஆனால் கண்ணில் பட்டதை எல்லாம் தூக்கி வரக்கூடாது.

எதை வாங்கலாம்?

தேக்கு போன்ற கெட்டி மரத்தில் செய்த டிராயர்தான் முதல் தரம். இரும்பு டிரங்குப் பெட்டியும் நல்லது. நாற்காலியின் பிரம்பு போயிருந்தால், அந்த ஓட்டையில் ஒரு மண் தொட்டியை இறக்கி வைத்தாலே போதும். மர ஏணியின் படிகளில் சின்னச் சின்ன தொட்டிகளை அடுக்கலாம்.

நோவாபான் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்தூளை பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. மேலே மினுமினுப்பாக இருக்கும், தண்ணீர் பட்டால் ஊறி உதிரும். இது எனக்கே நடந்த கதை. ஆசையாக நோவாபான் டிராயரில் வெந்தயக்கீரை போட்டேன். ஒரே மழையில் பலகை டீயில் முக்கிய பன் மாதிரி ஆகிவிட்டது. மண்ணெல்லாம் கரைந்து மாடித் தண்ணீர் போகும் குழாயை அடைத்துக்கொண்டது. ஹவுஸ் ஓனரிடம் வாங்கிய பேச்சு இன்னும் மறக்கவில்லை.

மரத்தைத் தட்டிப் பாருங்க. மாவு மாதிரி கொட்டினால் உளுத்துப்போன மரம், தொடாதீங்க. இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க.

ஓட்டைதான் முக்கியம்

தண்ணீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடும். டிராயரின் அடிப்பலகையில் அரை அடிக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை போடுங்க. அடிப்பலகை மெலிதாக இருந்தால் குறுக்கே இரண்டு ரீப்பர் கட்டை அடித்து பலப்படுத்த வேண்டும். உள்ளே கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓட்டை வரும் இடத்தில் ஷீட்டிலும் துளை போடணும். ஓட்டை மேல் பழைய கொசுவலைத் துண்டை வைத்தால் மண் போகாது, தண்ணீர் மட்டும் போகும்.

இரும்புப் பெட்டி என்றால் துருவைத் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு அடியுங்க. தொட்டியை நேராக தரையில் வைக்காமல் நாலு மூலையிலும் செங்கல் கொடுத்தால் அடியில் காற்று ஓடும், மரம் சீக்கிரம் மக்காது.

மாடி தாங்குமா?

இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி ஆழம் உள்ள டிராயரில் சுமார் 42 லிட்டர் மண் பிடிக்கும். வெறும் மண்ணாக நிரப்பி தண்ணீர் ஊற்றினால் எடை 70 கிலோ பக்கம் வந்துவிடும். ஒரு ஆளையே நிற்க வைத்த மாதிரி. அதனால் செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு என்று கலந்து போடுங்க. எடை நன்றாகக் குறையும், ஈரமும் நிற்கும். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் உப்பு போய்விடும்.

தொட்டிகளை மாடி நடுவில் குவிக்காமல், சுவர் வரும் ஓரமாகப் பிரித்து வையுங்க. ஷீட் கூரை மேல் வைக்கக்கூடாது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அரை அடி ஆழத்தில் வெந்தயக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி வரும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடி ஆழம் வேண்டும். அதற்கு டிரங்குப் பெட்டிதான் சரி.

பெயிண்டில் இருக்குது விஷம்

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்த சாமானை சந்தேகப்பட்டே ஆகணும்.

காய்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி பறக்கும். அது உள்ளே போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். எனவே உரியும் பெயிண்ட் உள்ள சாமானை வாங்காதீங்க. வாங்கிவிட்டால், பெயிண்டை சுரண்டவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அதில் கீரை, காய் போடாமல், பூச்செடித் தொட்டியை உள்ளே இறக்கி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்க. கீரைக்கு பெயிண்ட் அடிக்காத மரம்தான் பாதுகாப்பு.

கொசுவுக்கு இடம் தராதீங்க

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவணும். மழைக்காலத்தில் தட்டையே எடுத்துவிடலாம்.

ஒரு டிராயரை வைத்து காய்கறிச் செலவு மொத்தத்தையும் மிச்சம் பிடிக்க முடியாதுதான். ஆனால் வெந்தயக்கீரை மூன்று, நாலு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். மருந்து அடிக்காத கீரை, நம்ம கையால் பறித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன்னால், மரத்தை ஒரு தடவை தட்டிப் பார்க்க மறந்துடாதீங்க.