நோய் இல்லாத இடத்தில் நோய்ப் பயம்

கணவர் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினால் வீட்டில் பெருநாள்தான். ஆனால் சில வீடுகளில் அந்தச் சந்தோஷத்துக்குள் ஓர் அச்சமும் மறைந்திருக்கிறது. "அங்கே எப்படி இருந்தாரோ, என்ன வருத்தத்தைக் கொண்டு வந்தாரோ" என்று மனைவி மனதுக்குள் மறுகுகிறாள். வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று திரும்பிய சகோதரியின் நிலை இன்னும் கடினமானது. வேலை செய்த வீட்டு ஆண் பலவந்தமாக அணைத்ததையோ முத்தமிட்டதையோ பெற்ற உம்மாவிடம்கூடச் சொல்ல முடியாமல், "எனக்கும் எயிட்ஸ் வந்திருக்குமோ" என்று தன் கோப்பையைத் தன் பிள்ளை தொடுவதற்கும் அவள் அஞ்சுகிறாள்.

இதைப் பேச வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தை விளங்கிக் கொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்துரைத்ததை நாம் அறிவோம். உடலைப் பற்றிய அறிவுக்கும் அது பொருந்தும்.

எதனால் தொற்றும்? எதனால் தொற்றாது?

எச்.ஐ.வி. கிருமி இரத்தம், விந்து, பெண்ணுறுப்பின் கசிவு, தாய்ப்பால் போன்ற சில திரவங்கள் மூலமே பரவுகிறது. உடலுக்கு வெளியே வந்து காய்ந்தால் அது விரைவில் செயலிழந்து விடும். எனவே உடைக்கு மேலால் தொடுதல், அணைத்தல், கைகுலுக்கல், ஒரே சஹனில் சாப்பிடுதல், ஒரே மலசலகூடத்தைப் பாவித்தல், நுளம்புக் கடி ஆகியவற்றால் எச்.ஐ.வி. தொற்றாது. உமிழ்நீராலும் தொற்றாது, சாதாரண முத்தத்தில் ஆபத்து இல்லை.

பாதுகாப்பற்ற முழு உடலுறவில்கூட, கிருமியுள்ள ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்குச் சுமார் 8 என்றே மருத்துவ அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். அந்த எட்டில் ஒன்று முதல் தடவையாகவும் இருக்கலாம். புண்கள் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆகவே இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் முழு உறவின் கணக்கே இதுவென்றால், வெறும் தொடுதலுக்கு அஞ்சி உறக்கத்தை இழப்பதில் நியாயமில்லை.

இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. எல்லாப் பாலியல் நோய்களும் எச்.ஐ.வி. போன்றவை அல்ல. சிபிலிஸ் நோயாளியின் புண்ணில் நேரடியாகப் பட்டால், முழு உறவு இல்லாமலும் அது தொற்றலாம். ஹேர்பீஸ் கொப்புளமும் மரு உண்டாக்கும் கிருமியும் தோலோடு தோல் உரசுவதால் பரவக்கூடும். வாய்வழி உறவால் கொனோரியா தொண்டையைப் பிடிக்கலாம். சிபிலிஸும் கொனோரியாவும் மருந்தால் குணமாகக் கூடியவை.

உடம்பு சொல்வதை நம்பலாமா?

பயந்தவளுக்கு ஒவ்வொரு காய்ச்சலும் எயிட்ஸாகத் தெரியும். தொண்டை நோவு, உடல் வலி, தோலில் சிவப்பு ஆகியவை டெங்குவிலும் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வருகின்றன. பயம் நீடித்தால் பசி குறையும், உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும்; அதைக் கண்டு பயம் மேலும் வளரும். வெள்ளைபடுதலைப் பார்த்துக் கணவரைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. பாலியல் தொடர்பு இல்லாமலே பூஞ்சணத் தொற்றால் அது வரலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் அன்டிபயொடிக் மருந்து எடுத்தவர்களுக்கும் கூடுதலாக வரும். எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்பதை அறிகுறிகள் சொல்லா. இரத்தப் பரிசோதனையே சொல்லும்.

பரிசோதனை எப்போது?

ஆபத்தான தொடர்பு நடந்த மறுநாளே பரிசோதித்துப் பயனில்லை. ஆய்வுகூடத்தில் செய்யப்படும் இன்றைய எச்.ஐ.வி. பரிசோதனை 45 நாட்களின் பின் உறுதியான பதிலைத் தரும். விரல் நுனி இரத்தத்தில் செய்யும் உடனடிப் பரிசோதனைக்கு 3 மாதங்கள் தேவை. சிபிலிஸுக்கும் 3 மாதங்களின் பின் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பலாத்காரத்துக்கு ஆளான பெண் தாமதிக்கக் கூடாது. 72 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பித்தால், 28 நாட்கள் உட்கொள்ளும் மருந்து எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க உதவும். பலவந்தப்படுத்தப்பட்டவள் மீது குற்றமில்லை என்பது மார்க்கத்தின் தெளிவான நிலைப்பாடு. அவளைக் குடும்பமும் குற்றவாளியாக்கக் கூடாது.

நமது நாட்டில் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் பல மாவட்டங்களிலும் உள்ளன. அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், இரகசியம் பேணப்படும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் கிளினிக்குகளில் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது, இத்தகைய முயற்சிகளால்தான்.

நோய் இருப்பதாகவே முடிவு வந்தாலும் அது வாழ்வின் முடிவல்ல. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைப் பேணினால், வாழ்க்கைத் துணைக்கு உறவின் மூலம் அது பரவாது.

வஸ்வாஸ் வேண்டாம்

உரிய காலம் கடந்தபின் "நோயில்லை" என்று முடிவு வந்தும் சிலருக்கு மனம் ஆறுவதில்லை. "இரத்தம் மாறியிருக்குமோ" என்று வேறு ஆய்வுகூடத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு வாரம் நிம்மதி. பிறகு மீண்டும் அதே கேள்வி. ஒவ்வொரு பரிசோதனையும் அடுத்த பரிசோதனைக்கே இட்டுச் செல்கிறது. வுழூ உறுதியாக இருக்கையில், முறிந்ததோ என்ற வெறும் ஐயத்தால் அது முறிந்துவிடாது என்று படித்திருக்கிறோம். உறுதியைச் சந்தேகம் நீக்காது என்ற அந்தச் சட்டத்தை இங்கேயும் மனதில் இருத்திக் கொள்ளலாம். அப்படியும் எண்ணங்கள் விடாமல் துரத்தினால் அது ஈமானின் குறைவல்ல, சிகிச்சை உள்ள ஒரு மனநோயாக இருக்கலாம். மனநல வைத்தியரை நாடுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடனும் பேசலாம்.

கணவன் மனைவிக்கு ஒரு வார்த்தை. அதிகமான சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் சூரா அல்-ஹுஜுராத் தடுக்கிறது. அதற்காக உண்மையான ஆபத்தை மூடி மறைக்கலாம் என்று பொருளல்ல. தவறிய கணவன் தௌபாச் செய்வது அல்லாஹ்வுக்கும் அவனுக்கும் இடையிலான விடயம். பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை மனைவியைப் பாதுகாப்பது அவள் மீது அவனுக்குள்ள கடமை. பயணத்துக்கு முன் எடுத்த மெடிக்கல் அறிக்கை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். "இருவரும் ஒரு தடவை பார்த்துக் கொள்வோம்" என்று மனைவி அமைதியாகச் சொன்னால் அது பழி சுமத்தலல்ல. இருவரது உடலையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் எண்ணிக் கேட்கும் கேள்வி அது. அதற்குக் கோபப்படாத கணவனே நல்ல கணவன்.