கண்டித் தேவ வீதிக் கட்டடங்கள்

ஹுன்னஸ்கிரிய மலைப்பாதையில் இறங்கிக் கண்டி சேர்வோர், தலதா மாளிகையை வணங்கியபின் கடைத்தெருவுக்கே விரைகின்றனர். தேவ வீதியில் அமைந்த நாத தேவாலயத்தை நின்று நோக்குவார் மிகச் சிலர். நகரிற் பழமை மிக்க கட்டடம் அதுவே. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்றளியின் வடிவில் தென்னாட்டுக் கோயிற் கலை தெளிவாகப் புலப்படுகின்றது. கண்டி மன்னர் பட்டப்பெயர் சூடும் சடங்கும் அங்கேயே நிகழ்ந்தது.

அவர்களுட் கடைசி வேந்தன் நாயக்கர் குலத்து ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். மாளிகையின் முன்னுள்ள எண்கோண மண்டபம், அவன் காலத்துச் சிற்பி தேவேந்திர மூலாச்சாரியின் கைவண்ணம். 1815இல் அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் 1840களில் தம் புனித பவுல் ஆலயத்தைத் தேவாலயங்களை ஒட்டியே செங்கல்லால் எழுப்பினர். ஊரில் வேறு இடமில்லாமையே அதற்குக் காரணமென்று கொள்வதற்கில்லை.