16 வயசில் கோல்கீப்பர்... 26 வயசில் டீமில் இடமில்லை! இத்தாலி வீரர் டொன்னருமாவுக்கு நடந்தது என்ன?

தெருவில் பையன்கள் கால்பந்து ஆடும்போது கோலில் யாரை நிறுத்துவார்கள்? ஓட முடியாதவனை. இல்லாவிட்டால் கடைசியாக வந்தவனை. "நீ கோலில் நில்லுடா" என்றால் போதும், முகம் சுருங்கிவிடும்.

அந்த வேலையையே 16 வயசில் தொழிலாக எடுத்தவர் இத்தாலியின் ஜான்லூயிஜி டொன்னருமா. ஐரோப்பாவின் பெரிய கோப்பைகளை எல்லாம் தூக்கிவிட்டார். ஆனாலும் 2025 ஆகஸ்டில் அவரது கிளப் "நீ வேண்டாம்" என்று ஒதுக்கியது. நன்றாக ஆடுகிற ஆளுக்கே ஏன் இந்த நிலை? அதைப் புரிந்துகொள்ள கோல்கீப்பர் வேலை எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு இடம்

டீமில் 11 பேர். முன்கள ஆட்டக்காரர் சரியில்லை என்றால் இடம் மாற்றிப் போடலாம். கடைசி 20 நிமிஷம் இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. கிளப்பில் மூன்று பேர் இருந்தாலும் நிற்கப் போவது ஒருத்தர்தான். மற்றவர்கள் வாரக்கணக்கில் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஒருத்தருக்கு வாழ்வு வந்தால் இன்னொருத்தருக்கு இடம் போச்சு.

காக்க வேண்டிய கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். முன்கள வீரர் ஒன்பது பந்தைக் கோட்டைவிட்டு பத்தாவதை அடித்தால் ஹீரோ. கோல்கீப்பர் ஒன்பதைத் தடுத்து பத்தாவதை விட்டால் அவர்தான் வில்லன்.

கோச் எடுத்த ரிஸ்க்

டொன்னருமா பிறந்தது 1999 பிப்ரவரி 25. ஊர் நேப்பிள்ஸ் பக்கத்தில் உள்ள காஸ்டெல்லமாரே டி ஸ்டேபியா. அண்ணன் அந்தோனியோவும் கோல்கீப்பர்தான். 2013-ல், 14 வயசில், தம்பி ஏசி மிலன் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார்.

அப்போது மிலனின் பெரிய அணியில் நின்றவர் டியகோ லோபஸ். ரியல் மாட்ரிட்டில் ஆடிய அனுபவசாலி. 2015 அக்டோபர் 25 அன்று கோச் மிஹாய்லோவிச் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, 16 வயசும் 8 மாசமும் ஆன டொன்னருமாவை இறக்கினார். எதிரணி சசுவோலோ. மிலன் 2-1 என ஜெயித்தது. அதற்கப்புறம் அந்த இடத்தை பையன் விடவே இல்லை. கோச் மிஹாய்லோவிச் 2022-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அவர் அன்று எடுத்த ரிஸ்க்தான் டொன்னருமாவுக்குக் கதவைத் திறந்தது.

2016 செப்டம்பர் 1-ல் பிரான்சுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், பாதி நேரத்துக்குப் பிறகு ஜாம்பவான் பஃபனுக்குப் பதிலாக இறங்கினார். இத்தாலி அணிக்கு இவ்வளவு சின்ன வயசில் யாரும் கோல்கீப்பராக நின்றது கிடையாது. அதே வருஷம் டிசம்பரில் தோஹாவில் நடந்த இத்தாலி சூப்பர் கோப்பை ஆட்டத்தில், யுவென்டஸ் வீரர் டிபாலாவின் பெனால்டியைத் தடுத்து மிலனுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கள்ள நோட்டு மழை

அடுத்த வருஷமே தலைகீழ். 18 வயசு நிரம்பாத வீரரிடம் மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக்கூடாது என்பது பிஃபா விதி. அதனால் அவரது ஒப்பந்தம் 2018-ல் முடிய இருந்தது. 2017 ஜூனில் புது ஒப்பந்தத்துக்கு டொன்னருமா தரப்பு சம்மதிக்கவில்லை. பேரம் பேசியவர் பிரபல ஏஜென்ட் மினோ ரயோலா.

இங்கே ஒரு விஷயம். ஒப்பந்தம் முடிந்தால் வீரர் எந்த கிளப்புக்கும் போகலாம், பழைய கிளப்புக்குக் காலணா தர வேண்டாம். பெல்ஜியம் வீரர் போஸ்மன் வழக்குப் போட்டு 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு அது. அதுவரை ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப்புகள் வீரருக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தன.

சட்டம் அவர் பக்கம். ஆனால் ரசிகர்களுக்கு ஆத்திரம். போலந்தில் நடந்த 21 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் அவர் நின்ற கோலை நோக்கி கள்ள டாலர் நோட்டுகளை வீசினார்கள். "டாலருமா" என்று பட்டம் வேறு. அப்போது அவருக்கு 18 வயசு. கடைசியில் ஜூலையில் 2021 வரை கையெழுத்துப் போட்டார். வருஷத்துக்கு சுமார் 60 லட்சம் யூரோ என்று செய்திகள் வந்தன.

2018 மே மாதம் இத்தாலி கோப்பை இறுதி ஆட்டத்தில் யுவென்டஸிடம் மிலன் 0-4 என உதை வாங்கியது. அதில் பந்தைக் கையில் நழுவவிட்டு வந்த கோல்களும் உண்டு. 19 வயசுப் பையனை ஊரே திட்டியது. அடுத்த ஆட்டத்துக்கு அதே கையோடுதான் போய் நிற்க வேண்டும்.

ஜெயித்ததே தெரியவில்லை

2021-ல் மறுபடி அதே பேரம். இந்த முறை மிலன் காத்திருக்கவில்லை. பிரான்சின் லில் கிளப்பில் இருந்து மைக் மேன்யானை வாங்கிவிட்டது. 251 ஆட்டங்கள் ஆடிய டொன்னருமாவின் மிலன் ஒப்பந்தம் ஜூன் 30-ம் தேதி முடிந்தது.

அந்த நேரத்தில் ஐரோப்பிய கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஜூலை 11-ல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே இங்கிலாந்து. 1-1 சமநிலையாகி பெனால்டிக்குப் போனது. இங்கிலாந்தின் ராஷ்போர்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. சான்சோ, சாகா இருவரின் பெனால்டியையும் டொன்னருமா தடுத்தார். இத்தாலி சாம்பியன்! ஆனால் அவர் துள்ளிக் குதிக்கவில்லை, சாதாரணமாக நடந்து போனார். ஜெயித்துவிட்டோம் என்பதே அப்போது புரியவில்லை என்று பிறகு சொன்னார். ஐரோப்பிய கோப்பையில் தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான். மூன்று நாள் கழித்து பாரிசின் பிஎஸ்ஜி கிளப் அவரைச் சேர்த்ததாக அறிவித்தது.

கை இருந்தால் போதாது

பாரிசில் அவருக்கு முன்பே கெய்லர் நவாஸ் இருந்தார். முதல் வருஷம் இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்கினார்கள். 2022 மார்ச்சில் ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் காலில் பந்தை வைத்துக்கொண்டு தடுமாற, பென்சிமா கோல் போட்டார். பிஎஸ்ஜி வெளியேறியது.

2024 டிசம்பரில் மொனாக்கோ ஆட்டத்தில் எதிரணி வீரரின் பூட்ஸ் பட்டு முகம் கிழிந்தது. ஸ்டேபிள் போட்டுத்தான் ஒட்டினார்கள். அவரே 2025 மார்ச்சில் லிவர்பூல் மண்ணில் நூன்யெஸ், ஜோன்ஸ் அடித்த இரண்டு பெனால்டியைத் தடுத்தார். மே 31-ல் இன்டர் மிலனை 5-0 என நொறுக்கி பிஎஸ்ஜி முதல் தடவையாக சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது.

இரண்டரை மாசம்கூட ஆகவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வருஷம்தான் பாக்கி. புது ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. லில் கிளப்பில் இருந்தே செவாலியே என்ற கோல்கீப்பர் வந்து இறங்கினார். ஆகஸ்டில் சூப்பர் கோப்பை ஆட்டத்துக்கு டொன்னருமா பெயரே பட்டியலில் இல்லை. வேறு மாதிரியான கோல்கீப்பர் தேவை என்றார் கோச் லூயிஸ் என்ரிக்கே.

அதென்ன வேறு மாதிரி? 1992-ல் ஒரு விதி வந்தது. சொந்த அணி வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது. அன்றிலிருந்து கோல்கீப்பருக்கும் கால் வேலை தெரிந்திருக்க வேண்டும். எதிரணி நெருங்கி வந்தாலும் பதறாமல் பாஸ் கொடுக்க வேண்டும். டொன்னருமாவின் பலம் கை. காலில் அவ்வளவு பேர் எடுத்தவர் இல்லை.

இப்போது யார் பெஞ்சில்?

2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. அதே மாதம் உலகின் சிறந்த கோல்கீப்பருக்கான யாஷின் விருதும் அவருக்கே கிடைத்தது. இரண்டாவது தடவை.

சிட்டியில் அந்த சீசனைத் தொடங்கியவர் 22 வயசு ஜேம்ஸ் டிராஃபோர்ட். அதற்கு முந்தைய சீசனில் பர்ன்லி அணிக்கு நின்றவர். 46 லீக் ஆட்டங்களில் பர்ன்லி வாங்கியது வெறும் 16 கோல். அந்தப் பெயரோடு ஜூலையில் சிட்டிக்கு வந்து லீக்கில் மூன்று ஆட்டம் நின்றார். செப்டம்பர் 14-ல் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் டொன்னருமா இறங்கினார், சிட்டி 3-0 என ஜெயித்தது. டிராஃபோர்ட் பெஞ்சுக்குப் போனார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் லோபஸ் உட்கார்ந்த அதே மாதிரி பெஞ்ச்.