அகத்தியருக்கு அருகில் ஒரு தூசித் தட்டு

பிப்ரவரி மாதம், நிலவில்லாத இரவில் எட்டு மணிவாக்கில் தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் நின்று தெற்கே பாருங்கள். பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு வலப்புறம், நீட்டிய கையின் மூன்று விரல் அகலம் தள்ளி, மங்கலாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் பீட்டா பிக்டோரிஸ் என்னும் நட்சத்திரம். தொலைவு 63 ஒளியாண்டு. வயது சுமார் 2 கோடி ஆண்டு. நம் சூரியனுக்கோ 460 கோடி. அதைச் சுற்றித் தட்டையாகப் பரந்து கிடக்கிறது தூசி. நம் பூமியும் ஒரு காலத்தில் இப்படியொரு தட்டுக்குள்தான் திரண்டது.

தூசிக்குச் சொந்த ஒளி இல்லை. நட்சத்திர வெளிச்சத்தை வாங்கி லேசாகச் சூடேறி, அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக விடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 150 டிகிரி இருந்தால்கூடப் போதும். 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோளின் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூடே படத்தைக் கெடுத்துவிடும். அளவு சரிபார்க்க வைத்திருந்த வேகா நட்சத்திரம், கணக்குக்கு மேல் அகச்சிவப்பைக் காட்டியது. பீட்டா பிக்டோரிசும் அப்படியே.

தூசி இருப்பது தெரிந்தது. உருவம் தெரிய வேண்டுமே! போடிமெட்டு மலைச்சாலை வளைவில் எதிரே வரும் லாரியின் விளக்கைக் கையால் மறைத்தால்தான் பக்கத்தில் இருப்பது கண்ணில் படும். கரோனாகிராஃப் செய்வதும் அதையே. 1984இல் வானியலாளர்கள் பிராட்ஃபோர்டு ஸ்மித்தும் ரிச்சர்டு டெரிலும் சிலியில் அந்தக் கருவியால் நட்சத்திரத்தை மறைத்துப் படமெடுத்தார்கள். இருபுறமும் நீண்ட தட்டு விளிம்புவாக்கில் பதிவாகியிருந்தது.

அந்தத் தூசி பழையதல்ல என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. நுண்துகள்களை நட்சத்திர ஒளியே வெளியே தள்ளிவிடும். ஆனாலும் தட்டு காலியாகவில்லை என்றால், குறுங்கோள்களும் வால்மீன்களும் மோதி நொறுங்கி அதை ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். வியாழனைப்போல் சுமார் 10 மடங்கு நிறையுள்ள ஒரு கோளும் அங்கே அகச்சிவப்புப் படத்தில் சிக்கியது. 2024இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் பூனை வால்போல் வளைந்த தூசிக் கற்றை ஒன்று தெரிந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்குள் நடந்த மோதல் கிளப்பிய தூசியாக அது இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இத்தகைய ஆய்வுக்கு ஏலமலை நல்ல இடமல்ல. ஏலச்செடியை வாழவைக்கும் ஈரமே இங்கே தடை; காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்திலிருந்து 100 செ.மீ. தொலைநோக்கியைப் பலூனில் ஏற்றிச் சுமார் 30 கி.மீ. உயரத்துக்கு அனுப்பியது. லடாக்கின் ஹான்லேவுக்கும் உத்தராகண்டின் தேவஸ்தலுக்கும் அகச்சிவப்புக் கருவிகளை உருவாக்கியது. பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க முன்னின்றதும் இதே நிறுவனம்தான். அதற்குத் தேவை வறண்ட காற்றல்ல, தலைக்கு மேல் ஒரு கி.மீ. பாறை. ஊர் மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் அத்திட்டம் நடக்கவில்லை.

ஹான்லேயிலிருந்து பார்த்தால் பீட்டா பிக்டோரிஸ் அடிவானத்தை ஒட்டியே எழுந்து மறைந்துவிடும். எனவே அங்குள்ள கருவி அதைவிட இளைய நட்சத்திரங்களை, பிறந்த மேகத்தைவிட்டு இன்னும் வெளிவராதவற்றை, ஆராய்கிறது.