மாத்திரையோடு எடையும் பாருங்கள்



நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பலகாரம் ஊரெல்லாம் பேர் வாங்கியது. ஆனால் அதைச் செய்கிற பெண் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். உடம்பு இளைத்தால் "வேலை ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடுகிறோம். இப்படி இளைத்த உடம்பில் காசநோயும் வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

மாத்திரை இருந்தும் ஏன் இறக்கிறார்கள்?

காசநோய் மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். இறப்பவர்களில் அதிகம் பேர் முதல் 2 மாதத்துக்குள் இறக்கிறார்கள். மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே, சத்தில்லாத உடம்பு தோற்றுவிடுகிறது.

இதைத் தடுக்கத்தான் 2022 ஏப்ரலில் நம் மாநிலத்தில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. நோய் என்று தெரிந்த உடனேயே, அரசு சுகாதார நிலையத்தில் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஆபத்து தெரிந்தால் மருத்துவமனையில் சேர்த்து, சத்துணவோடு சிகிச்சை தருவார்கள்.

கணக்கு எப்படி?

எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு தடவை வகுக்க வேண்டும். டாக்டர்கள் இதை பி.எம்.ஐ. என்பார்கள். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்வோம்.

* சுமார் 41.5 கிலோவுக்குக் கீழே (பி.எம்.ஐ. 18.5): எடை குறைவு.
* 36 கிலோவோ அதற்குக் கீழோ (பி.எம்.ஐ. 16), இரண்டு காலிலும் வீக்கம்: ஆபத்து.
* 31.5 கிலோவோ அதற்குக் கீழோ (பி.எம்.ஐ. 14): வீக்கம் இல்லாவிட்டாலும் ஆபத்து.

எந்த இடத்தில் என்ன செய்யலாம்?

வீட்டில்: ரவிக்கை தொளதொளப்பது, வளையல் கழன்று விழுவது, பசி இல்லாமல் போவது ஆகியவற்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலையில் சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது அவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சுகாதார நிலையத்தில்: மாத்திரை வாங்கும் முதல் நாளே, "எடையும் உயரமும் பார்த்து எழுதுங்கம்மா" என்று கேளுங்கள்.

மருத்துவமனையில்: சேரச் சொன்னால் "பிள்ளைகளை யார் பார்ப்பது" என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சில நாள் அவள் வீட்டைக் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்தபின்: மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டியது. 36 கிலோ உள்ளவருக்கு அது 1.8 கிலோதான். அதே ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எனவே சத்தான சாப்பாடு வீட்டில் எல்லோருக்கும் வேண்டும்.

பணம் எங்கே?

சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இருந்து 1,000 ரூபாய். இது முட்டைக்கும் பருப்புக்கும் நிலக்கடலைக்கும் வந்த பணம். கடன் தவணைக்கு இதைக் கேட்கக் கூடாது என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். தவணையைத் தள்ளிக் கட்டலாம், போன உயிர் திரும்பாது.

அடுத்த கூட்டத்துக்கு எடை மெஷின் ஒன்று ஏற்பாடு செய்து, சேமிப்பை எழுதும் முன் எல்லோரும் ஏறி நில்லுங்கள். யாருக்காவது எடை இறங்கியிருந்தால், மறுநாளே ஒருவர் துணைக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டி வாருங்கள்.